ஆறாத கால் புண்ணை ஆற்றும் ரகசியம் வேலூரில் இருக்கிறது, தெரியுமா?

ஆம்பூரில் தைக்கும் ஷூக்கள் கடல் கடந்து ஐரோப்பியக் கால்களுக்குப் போவது ஊரறிந்த சேதி. ஆனால், உலகமெங்கும் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைக் காப்பாற்றும் வைத்தியமும் பக்கத்து வேலூர் மண்ணில் வளர்ந்ததுதான், தெரியுமா?

1914இல் கொல்லிமலையில் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகும் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. அவர் கண்டது வேறு. சதையில் குறை இல்லை, வலிதான் இல்லை! நமக்குக் கல் குத்தினால் உடனே நொண்டுகிறோம். அந்த நொண்டல்தான் பாதத்தின் காவல். கால் மரத்துப்போனவர் நொண்டுவதில்லை. புண்ணின் மேலேயே மிதித்து நடக்கிறார். பிறகு எந்தக் களிம்பு ஆற்றும்?

பிராண்டுக்கே ஒருமுறை நேர்ந்ததைக் கேளுங்கள். நீண்ட பயணம் முடிந்து லண்டனில் தங்கிய இரவு, காலுறையைக் கழற்றினால் குதிகாலில் உணர்வே இல்லை! ஊசியால் குத்தினார். வலிக்கவில்லை. தொழுநோய் தொற்றிவிட்டதென்றே நினைத்து இரவெல்லாம் தவித்தார். விடிந்ததும் மறுபடி குத்தினார்: சுரீர்! ரயிலில் வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்ததில் நரம்பு மரத்திருக்கிறது, அவ்வளவுதான். வலித்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார் அவர்.

அழுத்தத்தை எடுத்துவிட்டால் புண் தானே ஆறுமா? ஆறும்! 1930களிலேயே கொழும்பு அறுவை மருத்துவர் மில்ராய் பால் இத்தகைய புண்களுக்கு மாவுக்கட்டு போட்டார். வேலூரில் பிராண்டும் அதையே கையாண்டார். பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது இந்த முறையும் கூடவே போய், சர்க்கரை நோயிலும் கால் மரத்துப்போகும் என்பதால் சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் வந்தது. பாதத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் கட்டு, உடல் பாரத்தைப் பாதம் முழுக்கவும் கெண்டைக்கால் வரையும் பரப்பிவிடும். 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இந்தக் கட்டுப் போட்டவர்களில் 12 வாரத்துக்குள் சுமார் 90 சதவீதம் பேருக்குப் புண் ஆறியது. கழற்றி மாட்டும் சாதனம் அணிந்தவர்களில் 65 சதவீதம்தான். ஏன்? 2003இல் இன்னோர் ஆய்வு எண்ணிப் பார்த்தது: நோயாளிகள் எடுத்து வைத்த அடிகளில் 28 சதவீதத்தின்போதுதான் அந்தச் சாதனம் காலில் இருந்தது! வலிக்காத காலுக்கு யார்தான் நாளெல்லாம் கட்டுப் போட்டுக்கொண்டு திரிவார்கள்? அதனால்தான் கழற்ற முடியாத கட்டே முதல் தேர்வு. கிருமித் தொற்று முற்றியிருந்தாலோ, காலுக்கு ரத்த ஓட்டம் மோசமாக இருந்தாலோ மட்டும் அது ஆகாது. மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

புண் ஆறியபின்? எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பு! வேலூரை அடுத்த கரிகிரியில் 1955இல் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனையோடு சேர்ந்து வளர்ந்தது இது. கையில் எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்: மேல் ரப்பர் மெத்தென்று அமுங்கி, விரலை எடுத்ததும் எழும்பும். அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர். குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார், ஏனென்றால் மரத்த விரல்களால் செருப்பைப் பற்ற முடியாது. ஆணி ஒன்றுகூடக் கிடையாது. உணர்வில்லாத காலில் ஓர் ஆணி ஏறினால் போதும், காலே போய்விடலாம்.

2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். கால் மரத்ததைக் கண்டுபிடிக்க 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழை போதும். அந்த அளவைக் கணித்ததும் கார்வில்தான். அடுத்த முறை சுகர் பார்க்கப் போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டு, "இதையும் பார்த்திடுங்க டாக்டர்" என்று பாதத்தைக் காட்டுங்கள். ஓரிரு நிமிட வேலை.