கண்ணாடிப் பெட்டி சொல்லாதது

“ஏர்போர்ட்டுல எதுக்கு சார் மியூசியம்?”

ஒன்பதாம் வகுப்பில் கிரேக்கப் பாடத்தைத் தொடங்கிய அன்று வந்த கேள்வி இது. நான் திரையில் காட்டியது ஏதென்ஸ் விமான நிலையத்தின் படம். 2001இல் திறக்கப்பட்ட அந்த நிலையத்துக்காகத் தோண்டியபோது பழம்பொருள்கள் கிடைத்தன. அப்பகுதியில் கிடைத்தவற்றை நிலையத்துக்குள்ளேயே நிரந்தரக் கண்காட்சியாக வைத்திருக்கிறார்கள். எந்த மண்ணில் கிடைத்ததோ, அந்த மண்ணின் மேலேயே காட்சி.

அங்கிருந்து சிறிய விமானத்தில் ஏறினால் ஏஜியன் கடலின் சைக்ளேட்ஸ் தீவுகளுக்குப் போகலாம். அடுத்த படத்தில் அத்தீவுகளின் பளிங்குச் சிலையைக் காட்டினேன். ஏறத்தாழ 4,500 ஆண்டுப் பழமை. வயிற்றின்மேல் மடித்த கைகள், சற்றே பின்சாய்ந்த தலை, முகத்தில் மூக்கு மட்டும். இரும்பு அறியாத அம்மக்கள் நக்சோஸ் தீவின் குருந்தக்கல்லால் பளிங்கைத் தேய்த்துத் தேய்த்தே உருவாக்கினார்கள். பெரும்பாலானவை கையில் அடங்குபவை. அமோர்கோஸ் தீவில் கிடைத்த ஒன்றோ சுமார் ஒன்றரை மீட்டர், நம் மாணவர்களின் உயரம்.

“கால் விரலைப் பாருங்கள்” என்றேன். அவை கீழ்நோக்கி இருக்கின்றன. களிமண்ணில் அப்படியே செய்து மேசைமேல் நிறுத்தச் சொன்னேன். ஒன்றும் நிற்கவில்லை. ஒருவன் சாக்பீஸ் பெட்டியை முட்டுக்கொடுத்தான். அருங்காட்சியகங்கள் செய்வதும் அதுதான்! கண்ணாடிப் பெட்டிக்குள் தாங்கியில் நிமிர்ந்து நிற்கும் பல சிலைகள் உண்மையில் கிடத்தி வைக்கப்பட்டவையாக இருக்கலாம். கல்லறைகளில் கிடைத்தவை பல. வெள்ளை நிறமும் ஏமாற்றுவதுதான். கண், தலைமுடி, கன்னம் இவற்றில் சிவப்பு, நீல வண்ணம் தீட்டிய தடயங்கள் சில சிலைகளில் உள்ளன.

சரி, இவை எதற்காகச் செய்யப்பட்டன? தெய்வமா, இறந்தவரா, சடங்குப் பொருளா? விடை கிடைக்காததற்குக் காரணம் காலம் மட்டுமல்ல. இருபதாம் நூற்றாண்டில் நவீனச் சிற்பிகள் இவற்றைக் கொண்டாடினார்கள், விலை ஏறியது, கல்லறைகள் திருட்டுத்தனமாகத் தோண்டப்பட்டன. 1993இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அறியப்பட்ட சுமார் 1,600 சிலைகளில் முறையான அகழாய்வில் கிடைத்தவை 143 மட்டுமே என்றது. மற்றவற்றின் அருகே யார் புதைக்கப்பட்டிருந்தார், என்ன பானை இருந்தது என்பது இனி யாருக்கும் தெரியாது. கேரோஸ் தீவில் முறையாகத் தோண்டியதால்தான், வேண்டுமென்றே உடைத்த சிலைத்துண்டுகளை வேறு தீவுகளிலிருந்து கொண்டுவந்து அங்கே இட்டார்கள் என்று தெரிந்தது. பெட்டியில் வைத்த தனித்துண்டு இதைச் சொல்லியிருக்காது.

மறுநாள் ஒரு மாணவி கறுப்பு சிவப்புப் பானை ஓடு ஒன்றைக் கொண்டுவந்தாள். “எங்க கொல்லையில கெடந்துச்சு சார்.” கொல்லையில் எங்கே என்றேன். தெரியவில்லை. எனக்குச் சங்கடமாகிவிட்டது, பழம்பொருளைக் கண்டால் எடுக்காமல் இடத்தைக் குறித்துவந்து சொல்லுங்கள் என்று நான்தான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அன்று மாலை அப்பாவோடு போய்த் தேடினாள். அடுத்த நாள் நோட்டுத்தாளில் வரைபடத்தோடு வந்தாள்: கிணறு, இரண்டு பனைமரம், வரப்பு, கிணற்றிலிருந்து 42 அடி, ஒரு பெருக்கல் குறி. தாளையும் ஓட்டையும் ஒரே உறையில் போட்டு, தொல்லியல் துறைக்குக் கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறேன். வகுப்பே சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறது.