எடை கூடட்டும், அவசரம் வேண்டாம்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் முன்னோர் வாக்கு. இன்றைய இளைஞர்களுக்கோ அந்தச் சுவரை இரண்டே மாதத்தில் எழுப்பிவிட வேண்டும் என்ற அவசரம். நம் சங்கக் குடும்பங்களில் விளையாட்டில் ஈடுபடும் பிள்ளைகள் பெருகிவரும் இந்நாளில், இதுபற்றிப் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் ஓரளவு அறிந்திருப்பது நல்லது என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பணியிலேயே காலம் கழித்த ஒரு டிப்ளமோ பொறியாளன். ஆனாலும் என் வீட்டிலேயே இந்தச் சிக்கல் வந்தபோது, படித்தும் கேட்டும் நான் தெரிந்துகொண்டவற்றைப் பகிர்ந்துகொள்கிறேன்.

என் பேரன் பி.யூ.சி. முதலாண்டு படித்துக்கொண்டிருந்தான். கூடைப்பந்து என்றால் அவனுக்கு உயிர். உயரம் 178 சென்டிமீட்டர். எடையோ 54 கிலோதான். பந்துக்காக எழும்பினால் எதிரணிப் பையன் தோளால் ஓர் இடி இடிப்பான், இவன் கோட்டுக்கு வெளியே போய் விழுவான். ஒருநாள் பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றுடன் வீட்டுக்கு வந்தான். விலை ஐயாயிரம் ரூபாய்க்கு மேல். "இரண்டு மாசத்துல எட்டு கிலோ ஏறிடலாம்னு ஜிம் மாஸ்டர் சொல்றார் தாத்தா. இதுல ஏறலைன்னா வேற வழியும் இருக்காம்" என்றான். அந்த 'வேற வழி' என்ற சொல்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

பெங்களூரின் பழைய பாடம்

உடல் வளர்க்கும் கலை இந்த ஊருக்குப் புதிதல்ல. பழைய பேட்டைப் பகுதிகளில் 'கரடி மனை' என்ற பெயரைப் பார்த்துப் புதிதாக வந்த தமிழர்கள் திகைப்பதுண்டு. கரடிக்கும் அதற்கும் தொடர்பில்லை. கன்னடத்தில் மல்யுத்தப் பயிற்சிக் கூடத்துக்கு அதுதான் பெயர். தண்டால், பஸ்கி, கரலாக்கட்டை ஆகியவையே அங்கே பாடம். கரகத் திருவிழாவில் வாளேந்தி வரும் வீரகுமாரர்களும் கரடி மனைகளோடு தொடர்புடையவர்களே.

இந்தப் பழைய முறையையும் மேல்நாட்டுப் பார்பெல், டம்பெல் முறையையும் இணைத்துப் புகழ் பெற்றவர் கே.வி. ஐயர் என்னும் கோலார் வேங்கடேச ஐயர். பெங்களூரில் 'ஹெர்குலிஸ் ஜிம்னேசியம்' என்ற கூடத்தை நடத்தினார். 1930-இல் 'மசில் கல்ட்', 1936-இல் 'பெர்ஃபெக்ட் பிசிக்', 1937-இல் 'சூரிய நமஸ்கார்' என்று ஆங்கிலத்தில் நூல்கள் வெளியிட்டார். தபால் வழியாகவும் பாடம் நடத்தினார். பளு தூக்கியவர் பேனாவும் தூக்கினார். 'சாந்தலா', 'ரூபதர்சி' ஆகிய கன்னட நாவல்கள் அவர் எழுதியவையே. நாடகாசிரியர் கைலாசம் அவருடைய நெருங்கிய நண்பர். 1980-இல் ஐயர் மறைந்தார்.

அவரோடு சேர்ந்து செயல்பட்டவர் மதுரையில் பிறந்து பெங்களூருக்கு வந்த யோகாசாரியர் சுந்தரம் என்பதில் தமிழர்களாகிய நமக்குப் பெருமை உண்டு. 1920-களின் இறுதியிலேயே யோக முறை உடற்பயிற்சி பற்றி ஆங்கில நூல் எழுதியவர் அவர். நான் எண்ணிப் பார்ப்பது ஒன்றுதான். இவர்கள் காலத்தில் புரதப் பொடி டப்பாவும் இல்லை, ஊசியும் இல்லை. ஒழுங்கான பயிற்சி, வீட்டுச் சாப்பாடு, நல்ல உறக்கம், பொறுமை ஆகியவற்றைக் கொண்டே உடலை வளர்த்தார்கள்.

தண்டவாளம் சொல்லும் நியாயம்

பேரனுக்கு நான் சொன்ன உதாரணத்தை இங்கும் சொல்கிறேன். ரயில் பாதையில் ஜல்லியைத் தோண்டிச் சலித்து மீண்டும் போட்டால், உடனே முழு வேகத்தில் வண்டியை விடமாட்டோம். முதலில் மணிக்கு 20 கிலோமீட்டர். பாதையைக் கெட்டித்து, வண்டிகள் ஓடி ஜல்லி படிந்தபின் 45. மறுபடி கெட்டித்து 75. அதன் பிறகுதான் பழைய வேகம். டிரைவருக்கு அவசரம் இருக்கலாம், பயணிகளுக்கும் இருக்கலாம். ஜல்லிக்கு அவசரம் கிடையாது. அது படிகிறபோதுதான் படியும்.

தசையும் அப்படித்தான். பளு தூக்கும்போது தசை வளர்வதில்லை. அப்போது தசை நார்களுக்குச் சுமை ஏறுகிறது, நுண்ணிய சிதைவும் நேரலாம். பிறகு ஓய்விலும் உறக்கத்திலும், உண்ட புரதத்தைக் கொண்டு உடல் அவற்றை முன்னைவிடச் சற்றுத் தடிமனாகக் கட்டிக்கொள்கிறது. முதல் சில வாரங்களில் பையனுக்கு வலிமை கூடுவதுபோல் தோன்றுவதில் பெரும்பகுதி, நரம்புகள் தசையை இயக்கப் பழகிக்கொள்வதால் வருவது. தசை பருப்பது அதற்குப் பின்னர்தான். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்கள் இன்னும் மெதுவாகத்தான் உறுதிப்படும். இதை அறியாமல் வாரந்தோறும் பளுவை ஏற்றிக்கொண்டே போனால் முழங்காலும் தோள்பட்டையும் பழுதாகும்.

ஆகவே வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் பயிற்சி, இடையிடையே ஓய்வு நாள், சரியான முறை கைவந்தபின் சிறிது சிறிதாகப் பளு ஏற்றம் என்பதே முறை. பளு தூக்கினால் பிள்ளைகள் வளரமாட்டார்கள் என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. தகுந்த பயிற்சியாளர் மேற்பார்வையில், அளவோடு செய்தால் அப்படி எதுவும் நேராது என்பதே இன்றைய மருத்துவர்கள் கருத்து. உறக்கத்தைப் பொறுத்தவரை, 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை. இரவு ஒரு மணி வரை கைப்பேசியைப் பார்த்துவிட்டுக் காலையில் டம்பெல் தூக்குவதால் பயன் குறைவே.

சமையலறைக் கணக்கு

எடை கூட, செலவழிப்பதைவிடச் சற்று அதிகமாகச் சாப்பிட வேண்டும். இதில் இரகசியம் எதுவும் இல்லை. நாளொன்றுக்கு 300 முதல் 500 கலோரி கூடுதலாகச் சேர்ந்தால் போதுமானது. வாரத்துக்குக் கால் கிலோ முதல் அரை கிலோ வரை ஏறினால் அதுவே நல்ல வேகம். அதைத் தாண்டினால் ஏறுவதில் பெரும்பகுதி கொழுப்பாகவே இருக்கும்.

புரதச் சத்து எவ்வளவு வேண்டும்? சாதாரண மனிதருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே போதும். கடும் பயிற்சி செய்பவருக்கு கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை சொல்கிறார்கள். நடுவாக 1.6 என்று வைத்தால், 54 கிலோ பையனுக்கு ஏறத்தாழ 86 கிராம். நம் சைவச் சமையலிலேயே இது கிடைக்குமா என்று நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அரை லிட்டர் பாலில் 16 கிராம். கால் கிலோ தயிரில் 8. சாம்பாரிலும் கூட்டிலும் சேரும் 75 கிராம் துவரம்பருப்பில் 16. மாலைச் சுண்டலுக்கு ஊறவைக்கும் 50 கிராம் கொண்டைக்கடலையில் 10. ஒரு பிடி, அதாவது 40 கிராம் வேர்க்கடலையில் 10. இட்லி, சோறு, சப்பாத்தி, ராகிக் களி எல்லாமாகச் சேர்த்து 400 கிராம் தானியத்தில் 34. கூட்டினால் 94 கிராம் வருகிறது. முட்டை சாப்பிடும் வீடாக இருந்தால் ஒரு முட்டைக்கு 6 கிராம் சேர்த்துக்கொள்ளலாம். நெய், எண்ணெய், இரண்டு வாழைப்பழம் ஆகியவற்றையும் சேர்த்தால் ஏறத்தாழ 3,000 கலோரி.

பிறகு பேரன் உண்மையில் சாப்பிடுவது என்ன என்று ஒரு வாரம் குறித்துப் பார்த்தேன். காலையில் அவசரத்தில் ஒரு தோசை, சில நாள் அதுவும் இல்லை. கல்லூரியில் பகல் உணவு பெயருக்கு. மாலையில் பஃப்ஸ். இரவில்தான் சாப்பாடு. பயிற்சிக்குப் போகிற பையன் பாதி நாள் பட்டினி! குறை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு ஒழுங்கிலேயே இருந்தது. என் மருமகளும் வேலைக்குப் போகிறவர். அவரைக் குறை சொல்ல நியாயமில்லை. காலைப் பொறுப்பை நானும் என் மனைவியும் ஏற்றுக்கொண்டோம்.

டப்பாவும் ஊசியும்

பொடி என்பது விஷமல்ல. பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி எடுத்தபின் மிஞ்சும் தெளிநீரை உலர்த்திப் பெறும் புரதம்தான் பெரும்பாலான டப்பாக்களில் உள்ளது. ஆனால் டப்பாமேல் எழுதியிருப்பதுதான் உள்ளேயும் இருக்கிறதா என்பது கேள்வி. நம் நாட்டில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்த ஆய்வொன்று 2024-இல் வெளிவந்தது. அவற்றில் 25 பொடிகளில் புரத அளவு மேலே எழுதியபடி இல்லை. ஐந்தில் பூஞ்சை நஞ்சு இருந்தது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதே ஆண்டு வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களிலும், தசை வளர்க்கப் புரதப் பொடிகளை நாட வேண்டாம் என்றே கூறியிருக்கிறது.

'வேற வழி' எனப்படும் ஸ்டீராய்டு ஊசியும் மாத்திரையும் வேறு கதை. அவை தசையை விரைவில் பருக்கச் செய்யும் என்பது உண்மை. அதற்குக் கொடுக்கும் விலைதான் பெரிது. வளரும் பிள்ளைகளின் எலும்பு வளர்ச்சித் தட்டுகள் முன்கூட்டியே மூடிக்கொண்டு உயரம் நின்றுவிடலாம். ஆண்பிள்ளைகளுக்கு மார்பு பருப்பதும், விரை சுருங்குவதும், பிற்காலத்தில் குழந்தைப் பேறு பாதிக்கப்படுவதும் நேரலாம். ஈரலும் இதயமும் கெடும். அதே கூடத்துக்குப் போன இன்னொரு பையன் இந்த வழியில் போனான். முகமெல்லாம் கட்டி, வீட்டில் எல்லாரிடமும் எரிச்சல். கடைசியில் மருத்துவமனை. அவன் தகப்பனார் என்னிடம் சொல்லி அழுததை நான் மறக்கவில்லை.

போட்டியில் விளையாடுகிறவனுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 2023-இல் நம் நாட்டு வீரர்களிடம் எடுத்த 5,606 மாதிரிகளில் 213-இல் தடை செய்யப்பட்ட பொருள் இருந்ததாக உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் அறிக்கை கூறுகிறது. உடலில் இருப்பது தெரிந்தால், எப்படி வந்தது என்று தெரியாது என்ற பதில் போதாது. நான்கு ஆண்டுகள் வரை தடை வரலாம். ஒரு விளையாட்டு வீரனுக்கு நான்கு ஆண்டு என்பது ஏறக்குறைய முழு வாழ்வு.

எடை வேறு, வலிமை வேறு

வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கத்தை நாம் அறிவோம். தந்தையும் பளுதூக்கும் வீரரே. 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், 77 கிலோ எடைப் பிரிவில் ஸ்னாட்ச் முறையில் 149, கிளீன் அண்ட் ஜெர்க் முறையில் 179, ஆக 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018-இல் கோல்டு கோஸ்ட்டிலும் தங்கம். தெற்கு ரயில்வேயில் பணியாற்றியவர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. தம் உடல் எடையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தலைக்குமேல் தூக்கிய அவர், பருத்த உடம்புக்காரர் அல்லர். தராசு முள்ளை மட்டும் பார்க்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

என் பேரன் கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். அந்த டப்பாவைத் திறக்காமலே கடையில் திருப்பிக் கொடுத்தோம். கூடத்தையும் மாற்றினோம். ஞாயிறுதோறும் காலையில், வெறும் வயிற்றில், ஒரே எடைக் கருவியில் நிறுத்துக் குறித்துவந்தேன். ஏழு மாதத்தில் 54 கிலோ 59 ஆயிற்று. இடையில் ஒரு காய்ச்சலில் ஒன்றரைக் கிலோ இறங்கி மறுபடி ஏறியதும் இதில் அடக்கம். இதற்குள் அந்த ஆண்டுக் கல்லூரி அணித் தேர்வு வந்து போய்விட்டது. இவனை எடுக்கவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. அந்தப் பொடியையாவது கொடுத்திருக்கலாமோ என்று ஒரு கணம் தோன்றியதை மறைக்க விரும்பவில்லை.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு, "தாத்தா, சுண்டல் ஊறப் போட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஷூவை மாட்டினான். அடுத்த ஆண்டு அணியில் இடம் கிடைத்தது. இப்போதும் இடிக்கிறார்கள். ஆனால் கோட்டுக்கு உள்ளேயே நிற்கிறான்.

அன்பார்ந்த பெற்றோரே, உங்கள் பிள்ளை ஒரு டப்பாவோடு வந்து நின்றால் உடனே கோபிக்காதீர்கள். முதலில் அவன் காலையில் என்ன சாப்பிட்டான் என்று கேளுங்கள்.