கூண்டுக்குள் காற்று இல்லை

பாலக்காட்டுக் கணவாயில் காற்றுக்குப் பஞ்சமே இல்லை. அந்தக் கணவாயில்தான் இயற்கை எரிவாயுவும் பயணிக்கிறது. கொச்சி - மங்களூர் இடையே 450 கி.மீ. நீளக் குழாய் 2021 ஜனவரி 5-ல் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் கிளை ஒன்று பாலக்காடு மாவட்டத்தின் கூற்றநாட்டில் பிரிந்து தமிழக எல்லையான வாளையாரை எட்டுகிறது.

திறந்த வெளியில் வால்வு லேசாகக் கசிந்தால் காற்றே காவல்காரன். காற்றைவிட லேசான மீத்தேன் மேலெழுந்து கலைந்துவிடும். சிக்கல், வாகனங்களுக்கு சி.என்.ஜி. நிரப்பும் நிலையங்களில் கம்ப்ரஸரை மூடியிருக்கும் கூண்டுக்குள்தான். மழைக்கும் இரைச்சலுக்கும் போட்ட தடுப்பு காற்றையும் மறிக்கிறது. வாயுவை 200 மடங்குக்கும் மேல் அழுத்தும் இயந்திரத்தில் ஒரு சீல் தேய்ந்தாலும் கசிவுதான். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதத்துக்குள் இருந்தால், வெடிக்க ஒரு பொறி போதும். சாதாரண ஸ்விட்சே அதைத் தந்துவிடும்.

1913-ல் வேல்ஸில் உள்ள செங்கெனித் நிலக்கரிச் சுரங்கத்தில் வாயு வெடித்து 439 தொழிலாளர்கள் மாண்டனர். மின்மணிக் கம்பியில் எழுந்த பொறி மீதும் சந்தேகம் விழுந்தது. பொறி எவ்வளவு சிறியதானால் வாயு பற்றாது என்ற ஆய்வு அதன்பின் சூடுபிடித்தது.

இன்று மின்சாதனம் வைக்கும் முன்பே இடத்தை வகைப்படுத்திவிடுகிறார்கள். இந்தியத் தர அளவீடான ஐ.எஸ். 5572-ன்படி, வாயு எப்போதும் இருக்கும் இடம் மண்டலம் 0. வழக்கமான இயக்கத்திலேயே வரக்கூடிய இடம் மண்டலம் 1. கோளாறு ஏற்பட்டால் மட்டும், அதுவும் சிறிது நேரமே இருக்கக்கூடியது மண்டலம் 2. கசிவு ஒன்றே என்றாலும் காற்றோட்டம்தான் தீர்ப்பை மாற்றுகிறது. வெளியே மண்டலம் 2 ஆக இருப்பது, காற்று அடைபட்ட கூண்டுக்குள் 1 ஆகிவிடலாம்.

மண்டலம் 1-ல் சாதாரண விளக்குக்கோ மோட்டாருக்கோ இடமில்லை. அங்கே பயன்படும் ஒரு வகை, கனத்த உறை கொண்டது. உள்ளே வெடித்தாலும் சுவாலை குறுகிய இடுக்கு வழியே வருவதற்குள் குளிர்ந்துவிடும். விலை அதிகம்தான்.

ஆனால் வகைப்பாடு இருப்பது வரைபடத்தில்; சாரல் அடிப்பது கூண்டின் மேல். இடவப்பாதி மழைக்குப் பயந்து யாராவது கூண்டின் காற்றுத்துளையைத் தகரத்தால் அடைத்துவிட்டால், மண்டலம் 2 சத்தமில்லாமல் 1 ஆகிவிடும். விளக்கு மட்டும் பழைய விளக்காகவே எரிந்துகொண்டிருக்கும்.