வரிசைக்கு வரிசை காவல்

தரவுத்தளத்தில் அனுமதி என்பது நெடுங்காலம் பெரும்பாலும் அட்டவணை அளவிலேயே இருந்தது. 'கிராண்ட்' கொடுத்தால் நோயாளிகள் அட்டவணை முழுவதையும் படிக்கலாம். 'ரிவோக்' செய்தால் ஒன்றையும் படிக்க முடியாது. மருத்துவமனைக்கு வேண்டியதோ வேறு: ஒவ்வொரு மருத்துவரும் தம் நோயாளிகளை மட்டும் பார்க்க வேண்டும். அந்த வடிகட்டலைச் செயலியின் நிரலில்தான் எழுதிவந்தார்கள். எந்த வரிசைகள் வேண்டும் என்று சொல்லும் 'வேர்' (WHERE) நிபந்தனையை ஓரிடத்தில் மறந்தாலும் போதும், எல்லாருடைய நோய்க்குறிப்பும் திரையில் கொட்டிவிடும்.

இந்தக் காவலை அட்டவணைக்கே மாற்றலாம். ஆரக்கிள் தரவுத்தளம் 1999-இல் 8i பதிப்பிலேயே ஒரு வழி செய்தது. இலவசமாகக் கிடைக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 2016 ஜனவரியில் வெளிவந்த 9.5 பதிப்பில் அந்த வசதி சேர்ந்தது. 'ஆல்டர் டேபிள்' கட்டளையால் வரிசைக் காவலை இயக்கிவிட்டு, 'கிரியேட் பாலிசி' என்று விதி எழுத வேண்டும்: மருத்துவர் பெயரும் உள்நுழைந்தவர் பெயரும் ஒன்றாயிருக்கும் வரிசை மட்டும் தெரியட்டும். அதன்பின் மருத்துவர் நிபந்தனையே இல்லாமல் எல்லாவற்றையும் கேட்டாலும், நிபந்தனையைத் தரவுத்தளமே சேர்த்துக்கொள்ளும். விதியின் 'யூசிங்' பகுதி இருக்கும் வரிசைகளைச் சோதிக்கும். 'வித் செக்' புதிதாக எழுதுவதைச் சோதிக்கும். பிறர் பெயரில் பதிவு போட முடியாது.

காவலை இயக்கிவிட்டு விதி எழுத மறந்தால்? பிழைச்செய்தி வராது, அட்டவணை காலியாகத் தெரியும், அவ்வளவுதான். பதறிப்போய் பேக்கப்பைத் தேடுகிறவர்கள் முதலில் இதைப் பார்க்கலாம். இதற்கு நேர்மாறான ஆபத்துதான் பெரியது: அட்டவணையின் உரிமையாளரை இந்த விதிகள் கட்டுப்படுத்தா. உரிமையாளராக நுழைந்து சோதித்தால் காவல் இல்லாததுபோலவே இருக்கும். 'ஆல்டர் டேபிள்' கட்டளையில் 'ஃபோர்ஸ்' சேர்த்தால் அவரும் அடங்குவார். எல்லா அதிகாரமும் கொண்ட சூப்பர்யூசர் அதற்கும் அடங்கமாட்டார்.

இணையச் செயலிகளில் இன்னொரு சிக்கல். பெரும்பாலும் எல்லாப் பயனர்களுக்கும் சேர்த்து ஒரே தரவுத்தளக் கணக்குதான் இருக்கும். எனவே யார் கேட்கிறார் என்பதை ஒரு மாறியில் வைத்துச் சொல்ல வேண்டும். அதை 'செட் லோக்கல்' என்று அந்தப் பரிவர்த்தனைக்குள் மட்டும் வைப்பது அவசியம். இல்லையென்றால் அதே இணைப்பில் அடுத்து வருகிறவர் முந்தையவராகவே கருதப்படுவார்.

இத்தனை செய்தும் ஒரு கசிவு மிஞ்சும். ஒவ்வொரு வரிசையையும் தனித்துச் சுட்டும் முதன்மைச் சாவி இரட்டிக்கிறதா என்ற சோதனை, விதிகளைப் பார்ப்பதில்லை. கைபேசி எண்ணே சாவியானால், ஒரு மருத்துவர் யாரோ ஒருவரின் எண்ணைத் தம் பெயரில் பதியப் பார்ப்பார்; ஏற்கெனவே உள்ளது என்று பிழை வரும். அந்த நபர் இங்கே சிகிச்சைக்கு வந்தவர் என்பது அதிலேயே தெரிந்துவிடும். சாவிக்குக் கைபேசி எண்ணைவிட யாரையும் சுட்டாத தற்போக்கு எண் மேல்.