சாய்ந்த மரம் எந்தப் பக்கம் விழும்?

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் திண்டுக்கல் மாவட்டத்தையும் கடந்து சென்றது. இத்தகைய காற்றுக்குப் பிறகு, முழுதாக விழுந்த மரத்தைவிட வீட்டை நோக்கிப் பாதி சாய்ந்து நிற்கும் மரமே அதிக ஆபத்தானது. கயிறு கட்டி இழுத்தால் போதும் எனப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் திசையைத் தீர்மானிப்பது, அறுக்காமல் விட்டுவைக்கும் மரப்பகுதி. விழவேண்டிய பக்கத்தில், விட்டத்தில் கால் பங்கு ஆழத்துக்கு ஆப்பு வடிவில் வெட்டி எடுத்து, எதிர்ப்பக்கம் சற்று உயரத்தில் அறுக்க வேண்டும். இடையே விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமன் அறுபடாமல் நிற்க வேண்டும். அது கதவின் கீல்போல மடங்கும். கீலின் கோட்டுக்குச் செங்குத்தாக மரம் இறங்கும். கீலையும் அறுத்துவிட்டால், எடை இழுக்கும் பக்கம்தான்.

பெருஞ்சாய்வைக் கீல் வெல்லுமா என்று கேட்கலாம். வெல்லாது. பக்கவாட்டில் சற்றே சாய்ந்த புளியமரத்தைக் கீல் தாங்கும். மிகச் சாய்ந்ததில் பாரக் கிளைகளை முதலில் கழித்து, எடையின் மையத்தை நகர்த்தியாக வேண்டும். கயிறும் வீணல்ல. உயரத்தில் கட்டினால் குறைந்த விசையே போதும். டிராக்டரால் வெடுக்கென இழுத்தால் கீல் முறிந்துவிடும். தென்னை வேறு வகை. அதன் வலு தண்டின் வெளி ஓரத்தில் இருக்கிறது, உள்ளே மென்மை. வீட்டருகே நின்றால், மேலிருந்து துண்டுதுண்டாக இறக்குவதே சரி.