கண் எண்ணாத ஆட்டம்

2005 அக்டோபர் 2, சிட்னி. ஆஸ்திரேலிய ரக்பி லீக் இறுதிப்போட்டி. வெஸ்ட்ஸ் டைகர்ஸ் அணியின் 20 வயது பென்ஜி மார்ஷல் தன் பாதியிலிருந்து பந்தோடு பாய்ந்து, ஓடுகிற ஓட்டத்திலேயே முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் பேட் ரிச்சர்ட்ஸிடம் பந்தைத் தட்டிவிட்டார். ரிச்சர்ட்ஸ் தடுக்க வந்தவரைத் தள்ளிவிட்டு, எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றி 'டிரை' போட்டார். டைகர்ஸ் 30-16 என்று வென்றது. ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கம் மட்டும் மார்ஷலுக்கு இல்லை. அது ஸ்காட் பிரின்ஸுக்குப் போனது. ஆனால் அந்தப் போட்டி என்றதும் ரசிகர்கள் மனதில் எழுவது மார்ஷலின் அந்தக் கைதான்.

எது எளிதாக நினைவுக்கு வருகிறதோ அதையே அடிக்கடி நடப்பதாகவும் மனம் எடைபோடும். உளவியலாளர்கள் டிவெர்ஸ்கியும் கானமனும் 1973-இல் இதை விளக்கி எழுதினார்கள். ஆனால் பந்தைத் தவறவிடாமல் இருப்பது ஒரு 'நடக்காத' நிகழ்ச்சி. அதை மனம் எங்கே சேமிக்கும்?

இந்த ஆட்டத்தின் விதியோ அந்த நடக்காததற்குத்தான் பெரிய விலை வைக்கிறது. பந்து வைத்திருப்பவர்களை எதிரணி ஆறு முறை மடக்கிவிட்டால் பந்து கைமாறும். ஒவ்வொரு முறையும் பந்தைத் தவறவிடும் வாய்ப்பு 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு முறையும் தப்பாமல் கடக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 74 சதவீதம்தான். தவறை 2 சதவீதமாகக் குறைத்தால் அது 89-ஆக உயர்கிறது. ஓர் ஆட்டத்தில் இப்படி 40 சுற்றுகள் கிடைத்தால், கூடுதலாக ஆறு சுற்றுகள் முழுமை பெறும். கண்ணுக்கே தெரியாத மூன்று சதவீதம் செய்கிற வேலை இது!

அதற்காக மார்ஷல் செய்ததுபோன்ற மாயாஜாலத்தை வெறும் அதிர்ஷ்டம் என்று ஒதுக்கக் கூடாது. ஒன்றைக் கண்டு உடல் அசைய ஏறத்தாழ 0.2 நொடி பிடிக்கும். நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வருபவர் அதற்குள் 1.6 மீட்டர் கடந்துவிடுவார். ஆகவே தடுப்பவர் பார்த்து நகர முடியாது. ஊகித்தே நகர வேண்டும். அந்த ஊகத்தைப் பொய்யாக்குவது அபாரமான திறன். அதை அளப்பதுதான் கடினம். ஒருவர் முயன்ற பத்து துணிச்சலான பாஸ்களில் ஆறு பலித்தால், அவரது உண்மையான வெற்றி விகிதம் 30 சதவீதமாகவும் இருக்கலாம், 80 சதவீதமாகவும் இருக்கலாம். எதிராளியை மடக்கும் ஆயிரம் டாக்கிள்களில் 900 பலித்திருந்தாலோ, இரண்டு சதவீதம் முன்னே பின்னே என்று திறனைச் சொல்லிவிடலாம்.

இதனால்தான் நான் மெல்பர்ன் ஸ்டார்மின் கேமரன் ஸ்மித் பக்கம் நிற்கிறேன். அவர் ஹூக்கராக ஆடியவர்: மடக்கப்பட்டவர் காலால் பின்னுக்குத் தள்ளும் பந்தை எடுத்து அடுத்த நகர்வைத் தொடங்கி வைப்பவர். ஆட்டத்தில் அதிகம் பந்தைத் தொட்ட கை அவருடையது. பாதுகாப்பில் நடுக்களத்தில் ஓயாமல் டாக்கிள் செய்ததும் அவரே. இப்படி 430 ஆட்டங்கள். பருவத்தின் சிறந்த வீரருக்கான டாலி எம் பதக்கத்தை அவர் முதலில் வாங்கியது 2006-இல். மீண்டும் வாங்கியது 2017-இல், 34 வயதில்.