‘முடிஞ்சுதுங்க’ என்பதை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி? ‘குட்’ கிளப்பும் குழப்பம்!

நாமக்கல்லில் முட்டை ஏற்றுமதி செய்யும் அலுவலகம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி வரை கூடவே நின்று, இரண்டு கன்டெய்னரிலும் லோடு ஏற்றி அனுப்பிவிட்டார் அங்கே வேலை பார்க்கும் இளைஞர். முதலாளி போனில் கேட்கிறார்: “ரெண்டும் ஏத்த முடிஞ்சுதுங்களா தம்பி?”

“முடிஞ்சுதுங்கண்ணா.”

இதில் எந்தக் குழப்பமும் இல்லை. அதே தகவலை வளைகுடாவில் இருக்கும் கஸ்டமருக்கு அவர் மெயிலில் எழுதுகிறார்: ‘வீ குட் லோடு போத் கன்டெய்னர்ஸ்.’ அந்தப் பக்கத்திலிருந்து பதில் வருகிறது: “சரி, எப்போது ஏற்றப் போகிறீர்கள்?”

ஏற்றியாச்சு என்றுதானே எழுதினோம் என்று இவர் முழிக்கிறார். அவர் படித்ததோ, ‘வேண்டுமானால் எங்களால் ஏற்ற முடியும்’ என்று.

இங்கே ‘குட்’ என்பது ‘நல்லது’ என்று பொருள்படும் சொல் இல்லை. ‘கேன்’ என்பதன் கடந்தகாலம் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அது. அந்த ஒற்றை வரிப் பாடம் தப்பில்லை. ஆனால் பாதிதான்.

நாமக்கல் முட்டை ஓமன், கத்தார் என்று போய், 2025-ல் அமெரிக்காவுக்கும் கப்பல் ஏறியது. சேலத்தில் 2024-ல் டைடல் நியோ ஐ.டி. பூங்கா திறக்கப்பட்டது. உள்ளூரில் உட்கார்ந்தபடியே வெளியூர், வெளிநாட்டு ஆட்களோடு ஆங்கிலத்தில் வேலை பார்ப்பது இந்தப் பக்கத்தில் சாதாரணமாகிவிட்டது. அதனால் அந்த மீதிப் பாதியைத் தெரிந்துகொள்வது நல்லது.

குழப்பம் எங்கிருந்து வருகிறது?

தமிழில் ‘முடி’ என்றாலே நிறைவுபெறுவது. படம் முடிந்தது, பரீட்சை முடிந்தது என்கிறோம். அதே வினையைத்தான் திறமையைச் சொல்லவும் பயன்படுத்துகிறோம். அதனால் ‘ஏற்ற முடிந்தது’ என்று யாராவது சொன்னால், ஏற்றியே விட்டார்கள் என்று நம் காது புரிந்துகொள்கிறது.

‘கேன்’ வந்த வழி வேறு. பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச்சொல்லான ‘குன்னன்’ என்பதற்கு ‘அறிதல்’ என்று பொருள். அதாவது, அது ‘முடியும்’ என்பதைவிட நம்முடைய ‘தெரியும்’ என்பதற்குப் பக்கத்துவீடு. ஆகவே ‘குட்’ என்று சொன்னால் அந்தத் திறமை அப்போது இருந்தது என்பது வரைக்கும்தான் தகவல். அதை வைத்து வேலையை முடித்தாரா என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. போதாததற்கு, ‘செய்யலாம்’, ‘செய்ய வாய்ப்பிருக்கிறது’ என்ற பொருளிலும் ‘குட்’ வரும். கஸ்டமர் புரிந்துகொண்டது அதைத்தான்.

நேற்று ஒரு காரியத்தைச் செய்து முடித்தோம் என்றால் ‘வாஸ் ஏபிள் டு’, பன்மையில் ‘வேர் ஏபிள் டு’. கஷ்டப்பட்டு முடித்தோம் என்றால் ‘மேனேஜ்டு டு’. ‘வீ வேர் ஏபிள் டு லோடு போத் கன்டெய்னர்ஸ்’ என்று எழுதியிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

அப்போ ‘குட்’ எங்கே போடலாம்?

முதலாவது, கடந்தகாலத்தில் பொதுவாக இருந்த திறமைக்கு. ‘பத்து வயசுலயே கிணத்துல நீச்சல் அடிப்பேன்’ என்பதற்கு ‘ஐ குட் ஸ்விம் வென் ஐ வாஸ் டென்’ சரியான வாக்கியம். ஒருநாள் நடந்த சம்பவம் இல்லை, அந்த வயதில் இருந்த திறமை.

இரண்டாவது, பார்ப்பது, கேட்பது, வாசனை பிடிப்பது போன்ற புலன் சார்ந்த வினைகளுக்கு. ஏற்காடு மலையிலிருந்து ராத்திரியில் சேலத்தின் விளக்குகள் தெரிந்தன என்றால், அது ஒரே ஒரு நாள் நடந்ததாக இருந்தாலும் ‘வீ குட் சீ த லைட்ஸ்’ என்றே சொல்லலாம்.

மூன்றாவது, எதிர்மறைக்கு. ‘நேத்து வர முடியலீங்க’ என்பதற்கு ‘ஐ குடின்ட் கம்’ போதும். வேலை நடக்கவில்லை என்பது அதிலேயே தெளிவு. குழப்பமெல்லாம் ‘முடிந்தது’ என்ற பக்கத்தில் மட்டும்தான்.

‘கேன் ஏபிள் டு’ ஏன் தப்பு?

நம் ஊர் ஆங்கிலத்தில் அடிக்கடி காதில் விழும் இன்னொன்று, ‘ஐ கேன் ஏபிள் டு டூ’, ‘ஐ குடின்ட் ஏபிள் டு கம்’. ‘கேன்’ என்றாலே முடியும். ‘ஏபிள் டு’ என்றாலும் அதேதான். இரண்டையும் சேர்த்தால் ‘என்னால் முடியும் முடியும்’ என்பதுபோல ஆகிவிடும். ‘ஏபிள்’ ஒரு பெயரடை. அதற்கு முன்னால் ஆம், இஸ், ஆர், வாஸ், வேர் என ஏதாவது ஒன்று வேண்டும். ‘ஐ கேன்’ அல்லது ‘ஐ ஆம் ஏபிள் டு’. இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்.

நாளைக்கு முடியும் என்றால்?

தமிழில் ‘முடியும்’ என்ற ஒரே சொல் இன்றைக்கும் பொருந்தும், நாளைக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. ‘வில் கேன்’ என்று சேர்க்க வழியில்லை. ‘வில்’ என்ற சொல்லுக்குப் பின்னால் வினையின் மூலவடிவம் வரவேண்டும். ‘கேன்’ என்பதற்கு அந்த வடிவமே கிடையாது. அந்த இடத்தை நிரப்பத்தான் ‘பி ஏபிள் டு’ வருகிறது.

‘ஆறு மாசத்துல ஜெர்மன் பேச முடியும்’ என்றால், அந்தத் திறமை இன்னும் வரவில்லை. எனவே ‘ஐ வில் பி ஏபிள் டு ஸ்பீக் ஜெர்மன்’. ஆனால் ‘திங்கட்கிழமை மீட்டிங் வர முடியும்’ என்பது இப்போதே எடுத்த முடிவு. அதற்கு ‘ஐ கேன் கம் ஆன் மண்டே’ போதும்.

‘தெரியும்’, ‘முடியும்’ என்ற நம் வித்தியாசத்தையும் ஆங்கிலத்தில் ‘கேன்’ ஒன்றே சுமக்கும். ‘எனக்கு ரிக் வண்டி ஓட்டத் தெரியும், ஆனா இன்னைக்குக் காய்ச்சல், ஓட்ட முடியாது’ என்று திருச்செங்கோட்டு டிரைவர் ஒருவர் சொன்னால், ஆங்கிலத்தில் முதல் பாதி ‘கேன்’, இரண்டாம் பாதி ‘கான்ட்’.

இன்டர்வியூவில் உஷார்!

சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்தில் இன்ஜினீயரிங் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. 2022 மார்ச் 1-ல் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்திலும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி உண்டு. இருந்தாலும் நேர்காணலில் சொந்தச் சாதனையைச் சொல்லும் இடத்தில்தான் பலருக்கும் வாக்கியம் காலை வாருகிறது.

மிகவும் ஆபத்தானது ‘குட் ஹேவ்’. ‘ஐ குட் ஹேவ் கம்ப்ளீட்டட் த ப்ராஜெக்ட்’ என்றால், ‘முடிச்சிருக்கலாம், ஆனா முடிக்கலை’ என்று பொருள். முடித்த ப்ராஜெக்ட்டை முடிக்காததாக நீங்களே வாக்குமூலம் கொடுத்த மாதிரி.

இதுவரை செய்துவந்ததைச் சொல்ல ‘ஹேவ் பீன் ஏபிள் டு’ இருக்கிறது. ‘இந்த ஆறு மாசத்துல மூணு டூல் கத்துக்க முடிஞ்சிருக்கு’ என்பதற்கு ‘ஐ ஹேவ் பீன் ஏபிள் டு லேர்ன் த்ரீ டூல்ஸ்’ என்று சொல்லலாம்.

நம் ஊர் எச்.ஆர். ஒருவர் எதிரே இருந்தால், ‘குட்’ என்று சொன்னாலும் சொல்ல வருவதைப் புரிந்துகொள்வார். அவரும் அதே ஆங்கிலத்தைக் கேட்டு வளர்ந்தவர்தானே. ஆனால் வெளிநாட்டு கஸ்டமருக்கு முன்னால் இருப்பது மெயிலில் உள்ள வரி மட்டும்தான். உங்கள் முகத்தைப் பார்த்து அவர் அர்த்தம் பிடிக்க முடியாது.

ஒரே பார்வையில்

• முடியும் (இப்போது): கேன், ஆம் ஏபிள் டு
• முடியும் (இனிமேல்தான் வரும் திறமை): வில் பி ஏபிள் டு
• முடிந்தது (ஒரு காரியம், செய்தாயிற்று): வாஸ் ஏபிள் டு, மேனேஜ்டு டு
• அப்போதெல்லாம் முடியும்: குட்
• இதுவரை முடிந்திருக்கிறது: ஹேவ் பீன் ஏபிள் டு
• முடியவில்லை (நேற்று): குடின்ட்
• முடிந்திருக்கும், ஆனால் செய்யவில்லை: குட் ஹேவ்

அவசரத்தில் இதெல்லாம் நினைவுக்கு வராவிட்டால் ஒரு எளிய வழி இருக்கிறது. மெயிலை அனுப்பும் முன், ‘அந்த வேலை நடந்ததா?’ என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். நடந்தது என்றால், திறமையைச் சொல்லும் சொல்லே வேண்டாம். சாதாரணக் கடந்தகாலம் போதும்: ‘வீ லோடட் போத் கன்டெய்னர்ஸ் ஆன் ஃப்ரைடே.’